முதலில் வைத்தியம், பிறகு பதிவு

கனடாவில் ஒன்ராறியோவை விட்டுப் பிரிட்டிஷ் கொலம்பியாவிற் குடியேறும் ஒருவர் செய்யவேண்டிய முதற் காரியங்களுள் ஒன்று, புதிய மாகாணத்தின் அரச மருத்துவக் காப்புறுதியிற் பதிந்துகொள்வது. குடியேறிய மாதத்தின் எஞ்சிய நாட்களும் அடுத்த இரண்டு மாதங்களும் அவர் காத்திருக்கவேண்டும். அதுவரை பழைய மாகாணம் பொறுப்பேற்கும். வெளிநாட்டிலிருந்து நேரே வந்திறங்கும் குடிவரவாளர் பலருக்கோ அந்தப் பழைய மாகாணமும் இல்லை. அவர்கள் தனியார் காப்புறுதி வாங்கவேண்டும். அல்லது நோய்நொடி அணுகாதிருக்க நல்லூர்க் கந்தனை வேண்டவேண்டும்.

1984ஆம் ஆண்டின் கனடா சுகாதாரச் சட்டம் இக்காத்திருப்பு மூன்று மாதங்களுக்கு மேற்படலாகாது என வரையறுத்ததேயன்றி அதனை ஒழிக்கவில்லை. ஒன்ராறியோ மாகாணம் 2020 மார்ச்சிலேயே அதனை நீக்கியது. நோயாளியைக் காக்கவைப்பதன் பொருளின்மையை உணர ஒரு கொள்ளைநோய் வேண்டியிருந்தது.

தமிழக முகாம்களில் வாழும் நம்மவர்கள் அம்மாநில முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திற் சேர்க்கப்பட்டிருப்பது நன்றிக்குரியது. ஆனால் அந்த அட்டை, தாயகம் திரும்புவோருடன் கடல் கடந்து வருவதில்லை.

யாழ்ப்பாணத்துக்கு வருவோம். இங்கே அட்டையும் இல்லை, சந்தாவும் இல்லை. 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடும் முறை கொண்டுவரப்பட்டது. 1977இல் அது கைவிடப்பட்டது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, நோயாளரிடம் “எந்த ஊரிற் பதிந்தீர்கள்?” என்று கேட்கும் சட்டமொன்று இருந்திருந்தால் என்னவாகியிருக்கும்? வீட்டையே விட்டுவந்தவர் எந்தப் பத்திரத்தைக் காட்டுவார்?

நம் நாட்டிலும் ஒரு பதிவு உண்டு. புதிதாய்க் குடிவந்த வீட்டிலே கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால், அப்பகுதியின் குடும்பநல உத்தியோகத்தர் தேடி வந்து பதிந்துகொள்வார். மருத்துவமாது என்று நாம் அழைத்துப் பழகியவர் இவரே. பதிவு நோயாளியைத் தேடிச் செல்லவேண்டும். நோயாளி பதிவைத் தேடி அலையலாகாது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

இதனால் நமது இலவச வைத்தியம் குறையற்றது என்று கொள்ளவேண்டாம். 2022இன் பொருளாதார நெருக்கடியில், கட்டில் இலவசமாயும் மருந்து கடையிலுமாக நோயாளர் பட்ட பாட்டை நாடே அறியும். ஸ்கான் பரிசோதனைக்குத் தவணை நீளும்போது கையிற் காசுள்ளவர் தனியார் வைத்தியசாலைக்குப் போகிறார், இல்லாதவர் காத்திருக்கிறார். இங்கே காத்திருப்பைச் சட்டம் விதிக்கவில்லை, வறுமை விதிக்கிறது.

2018இல் வகுக்கப்பட்ட சுகாதாரக் கொள்கை, ஆரம்ப வைத்திய நிலையம் ஒவ்வொன்றையும் அதன் சுற்றுப்புற மக்களுக்குப் பொறுப்பாக்கி, அவர்களைப் பதிவுசெய்ய முனைகிறது. நோக்கம் நல்லது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவருக்கு ஆண்டுக்கணக்கிற் குறிப்பேடு பேணப்படவேண்டும். ஆனால் குடாநாட்டில் நிலைமை வேறு. வாக்காளர் இடாப்பிற் பெயர் கிளிநொச்சியில், வாடகைவீடு திருநெல்வேலியில் என வாழ்பவர்கள் உண்டு. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டுப் பெயர்ந்து, முகவரி பல மாறியோரும் உண்டு. இவர்களிடம் கிராம அலுவலரின் வதிவிடச் சான்று கேட்கப்படுமானால், பொறுப்புக்கென வந்த பதிவேடு வாயிற்காவலாகிவிடும்.

ஆகவே அதிகாரிகள் இப்போதே எழுத்தில் உறுதி தரவேண்டும்: பதியாதவர் எவரும் திருப்பி அனுப்பப்படமாட்டார், அன்றே வைத்தியம், அங்கேயே பதிவு, இடம் மாறினால் குறிப்பேடும் கூடவே மாறும். புலம்பெயர்ந்த வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மாகாணத்திற் காத்திருப்பு இன்னும் இருக்குமானால், அதை நீக்கும்படி உங்கள் பிரதிநிதியைக் கேளுங்கள். ஒன்ராறியோவால் முடிந்தது மற்றவர்க்கும் முடியும்.