சரிவில் நிற்கத் தெரிந்த உடல்

மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்படும் மலை ரயில் கல்லாறைத் தாண்டியதும், தண்டவாளத்தின் நடுவே உள்ள பற்சட்டத்தைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. ஏறக்குறைய 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். 1899-ல் குன்னூரை எட்டிய அந்த ரயில்பாதை, சரிவின் சிக்கலை உடலமைப்பாலேயே தீர்த்துக்கொண்டது.

ரோபோத் துறை இந்தப் பாடத்தைத் தாமதமாகத்தான் படித்தது. 1990-ல் டாட் மெக்கீர் என்ற பொறியாளர், மோட்டாரோ கணினியோ இல்லாமல் சரிவில் இறங்கி நடக்கும் கால்களைப் பற்றி எழுதினார். கால் நீளம், பாத வளைவு, எடை மூன்றும் பொருந்திவிட்டால் புவியீர்ப்பே நடத்திச் செல்லும்.

மிச்சத்தைப் பயிற்சி பார்த்துக்கொள்கிறது. சூரிச் இ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'ஆனிமல்' என்ற நாலுகால் ரோபோவைக் கணினிக்குள் உருவாக்கிய மேடுபள்ளங்களில் நடக்கப் பழக்கினார்கள். சரியான அடிக்கு மதிப்பெண் உண்டு, விழுந்தால் குறையும். தரையின் வழுக்கலை வேண்டுமென்றே மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 2022-ல் வெளியான ஆய்வின்படி, எட்செல் மலைப்பாதையில் 120 மீட்டர் உயரத்தை அது 31 நிமிடங்களில் ஏறியது. நடப்பவர்களுக்குக் குறித்த நேரத்தைவிட 4 நிமிடம் குறைவு.

ஆக, நீலகிரியின் கோத்தகிரித் தேயிலைச் சரிவில் ஒருநாள் ரோபோ நடக்கும். கொழுந்து எடுக்குமா? ஆள் பற்றாக்குறையால் தோட்டங்களில் புகுந்திருக்கும் அறுவடை இயந்திரம் மட்டமாக வெட்டுகிறது. முற்றலும் காம்பும் சேர்ந்தே விழுகின்றன. ஜப்பானில் இயந்திரம் ஓடுவதற்கு ஏற்ப நேர்வரிசையில் தேயிலையை வளர்த்து, தோட்டத்தையே மாற்றிக்கொண்டார்கள். துண்டு நிலத்தில் பிழைக்கும் நீலகிரிச் சிறு விவசாயிக்கு அது எளிதல்ல.

கொழுந்து எடுக்கும் பெண்ணின் விரலோ இரண்டு இலை ஒரு மொட்டைத் தொட்டே அறிகிறது. மனிதர் செய்துகாட்ட, அதைக் கேமராவில் பதிவுசெய்து ரோபோக் கையைப் பழக்குவது இன்று பரவலான முறை. நாளை அந்தக் கேமரா தேயிலைத் தோட்டத்துக்கும் வரும். அப்போது அந்தப் பெண் கூலியாள் மட்டுமல்லர், ஆசிரியர். பறித்த கிலோவுக்குத் தரும் காசு கற்பித்த பாடத்துக்கு ஈடாகாது.

பதிவுக்கு முன் ஒப்புதல், பதிவுக்குத் தனி ஊதியம், இயந்திரம் வந்தால் அதை இயக்கும் வேலையில் முதல் உரிமை: இம்மூன்றும் தொழிலாளர் ஒப்பந்தங்களில் இப்போதே இடம்பெற வேண்டும். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்கு வாழ்வு தர 1968-ல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் இன்றைய டான்டீ நிறுவனம். முதல் கையெழுத்தை அதுவே போடட்டும்.