ஆய்வுகள் தமிழுக்கு வரட்டும்

ஏற்காடு ஒண்டிக்கடையில் பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து இறங்கினால், சேலம் போகும் வழியில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவைப் பார்க்கலாம். டி.ஆர்.சுந்தரம் 1935-ல் தொடங்கிய நிறுவனம் அது. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' (1938) உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்தது. இன்று அந்த வளைவு மட்டுமே மிச்சம். ஸ்டூடியோ இருந்த இடத்தில் வீடுகள் வந்துவிட்டன.

1950-ல் அங்கிருந்து வந்த 'மந்திரி குமரி'யையே எடுத்துக்கொள்வோம். எம்.ஜி.ஆர். கதாநாயகன், வசனம் மு.கருணாநிதி, கதையின் வேர் குண்டலகேசி. சில பாடல்களே எஞ்சியிருக்கும் பௌத்தக் காப்பியம் அது. தன்னைக் கொல்ல மலையுச்சிக்குக் கூட்டிவந்த கணவனைக் கடைசியாக வலம்வர அனுமதி கேட்டு, பின்னால் போனதும் மனைவி தள்ளிவிடுகிறாள். படத்தில் அந்தக் கணவன் ராஜகுருவின் மகனான கொள்ளைக்காரன். அந்த ராஜகுருவோ அரசனையே ஆட்டிவைப்பவர். தி.மு.க. பிறந்த மறு ஆண்டே வந்த படம் இது. பழங்கதை ஒன்று எப்படி அரசியல் மேடையானது என்று கேட்டால், இலக்கியம், சினிமா, கட்சி மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் பதில் கிடைக்கும்.

அப்படிப் படித்தவர்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை. கார்த்திகேசு சிவத்தம்பி 1981-லேயே தமிழ் சினிமாவை அரசியல் தொடர்புச் சாதனமாக ஆராய்ந்தார். எம்.எஸ்.எஸ்.பாண்டியன் எம்.ஜி.ஆர். பிம்பத்தை அலசிய புத்தகம் 1992-ல் வந்தது. இரண்டுமே ஆங்கிலத்தில். பாண்டியனின் புத்தகம் 'பிம்பச் சிறை'யாகத் தமிழுக்கு வர இருபது ஆண்டுகளுக்கும் மேல் பிடித்தது. எம்.ஜி.ஆருக்கு ஓட்டுப் போட்ட தலைமுறையில் எத்தனையோ பேர் அதைப் படிக்காமலேயே போய்விட்டார்கள்.

உலக அளவில் விவாதிக்க ஆங்கிலம் வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. பேராசிரியர்களின் பதவி உயர்வும் அதைச் சார்ந்திருக்கிறது. ஆனால் சினிமா ஆய்வாளர் தியடோர் பாஸ்கரன் இரண்டு மொழிகளிலும் எழுதுகிறார். அதனால் அவருடைய ஆய்வின் தரம் குறைந்துவிடவில்லை. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஆய்வு அந்த மக்களின் மொழியிலும் வரவேண்டும் என்று கேட்பது நியாயமான உரிமை.

ஆகவே தமிழக அரசுப் பல்கலைக்கழகங்கள் ஒரு விதி கொண்டுவர வேண்டும். தமிழ்ச் சமூகம், அரசியல், சினிமா பற்றி ஆங்கிலத்தில் எழுதப்படும் ஒவ்வொரு முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கும், பொது வாசகர் படிக்கக்கூடிய தமிழ்க் கட்டுரை ஒன்றையும் கேட்டு வாங்கி இலவசமாக வெளியிட வேண்டும். சுருக்கம் என்ற பெயரில் அரைப் பக்கம் போதாது. வாதமும் ஆதாரமும் தெரியும்படி இருக்க வேண்டும். அதற்கு மதிப்பெண்ணும் தர வேண்டும். இல்லையேல் யாரும் எழுதமாட்டார்கள்.

1997 முதல் சேலத்தில் இயங்கும் பெரியார் பல்கலைக்கழகமே இதைத் தொடங்கிவைக்கலாம். முதல் தொகுப்பு மாடர்ன் தியேட்டர்ஸ் பற்றியதாக இருக்கட்டும். அங்கே செட் போட்ட தச்சர்கள், லைட்பாய்கள், துணை நடிகர்கள் ஆகியோரின் குடும்பங்களைத் தேடிப்போய்ப் பேட்டி எடுக்க வேண்டும். பாட்டுப் புத்தகங்கள், சம்பளச் சீட்டுகள், புகைப்படங்கள் எங்கே கிடைத்தாலும் பிரதி எடுக்க வேண்டும். அந்த ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர்களுக்கு இன்று வயது முதிர்ந்துவிட்டது. அடுத்த கல்வியாண்டு வரை காத்திருக்காமல் இந்த ஆண்டே மாணவர்களை அனுப்ப வேண்டும்.