மவுண்டன் ஹவுஸ் திட்டமிடாத ஊர் அல்ல

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதிக்குக் கிழக்கே, ஆல்டமான்ட் கணவாயைத் தாண்டினால் வரும் புறநகர் மவுண்டன் ஹவுஸ். 2010-இல் 9,675 பேர் இருந்த ஊரில் 2020-இல் 24,499 பேர். "நகராட்சியே இல்லாத இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு வீடு கட்டினார்கள், அதனால்தான் இத்தனை அவதி, இப்போது நகரமாகிவிட்டது, இனிக் கவலையில்லை" என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

கண்ணை மூடிக்கொண்டு யாரும் கட்டவில்லை. ஊர் அமைந்துள்ள சான் வாக்கின் கவுண்டி நிர்வாகம் 1994-லேயே முழுத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அதன் பிறகுதான் முதல் குடும்பங்கள் குடியேறின. குடிநீர், கழிவுநீர், பூங்காக்களைக் கவனிக்கத் தனிச் சேவை அமைப்பும் இருந்தது.

வேகமான வளர்ச்சிதான் குற்றவாளியா? 2008-இல் வீட்டு விலை சரிந்தபோது, இங்கே ஏறத்தாழ 90 சதவீத வீடுகளின் கடன் அவற்றின் மதிப்பைவிட அதிகமாக இருந்தது. அமெரிக்காவிலேயே மிக மோசமான நிலை அது. வேகம் மட்டுமல்ல காரணம், வீடுகள் வந்த அளவுக்கு ஊருக்குள் வேலைகள் வரவில்லை. பேராசை என்று அந்தக் குடும்பங்களைப் பழிப்பது அநியாயம். விரிகுடாப் பகுதியில் கட்டுப்படியாகாததால் கணவாயைத் தாண்டி வந்தவர்கள் அவர்கள்.

தண்ணீர் விஷயம் இதைவிடக் கொடியது. பைரன்-பெத்தனி பாசன மாவட்டம் என்ற அமைப்பு மட்டுமே ஊருக்கு நீர் தந்தது. அதன் ஆற்றுநீர் உரிமை 1914-ஐச் சேர்ந்தது. 2015 வறட்சியில், 1903 முதல் பெறப்பட்ட உரிமைகளைக் கொண்டு நீர் எடுக்கக் கூடாது என்றது மாநில நீர் வாரியம். சுமார் 15,000 பேர் குழாய் வறண்டுவிடுமோ என்று தவித்தார்கள். வேறிடத்தில் விலைக்கு வாங்கித்தான் சமாளிக்க முடிந்தது. நகராட்சி இருந்திருந்தாலும் அந்த உத்தரவு வந்தே இருக்கும். ஒரே நீராதாரத்தை நம்பி ஒரு முழு ஊருக்கு அனுமதி தந்தார்களே, தவறு அங்கே.

2024 மார்ச் வாக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கும் மேலானோர் ஆதரித்து, ஜூலை 1 அன்று மவுண்டன் ஹவுஸ் நகரமானது. நியாயமான வெற்றிதான். எங்கே எதைக் கட்டலாம் என்று ஸ்டாக்டனில் இருந்த கவுண்டி வாரியம் தீர்மானித்த காலம் போய், ஊரார் தேர்ந்தெடுத்த மன்றம் வந்திருக்கிறது. ஆனால் மன்றம் கூடித் தீர்மானம் போட்டால் ஆற்றில் நீர் வராது, கணவாய்ச் சாலையில் நெரிசலும் குறையாது.

இப்படியொரு புறநகரில் வீடு வாங்க நினைப்பவர்கள், அது நகராட்சியா இல்லையா என்று கேட்பதற்கு முன், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அது நின்றால் மாற்று என்ன என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.