ஆடப் போனால் கை கொடுக்க வேண்டும்!

இரண்டு ஊர்க்காரர்களுக்குப் பகை. இந்த ஊரில் பந்தயம் என்றால் அவர்கள் வரமாட்டார்கள். அந்த ஊரில் என்றால் இவர்கள் போகமாட்டார்கள். என்ன செய்வது? மூன்றாவது ஊரில் ஆடவேண்டியதுதான்!

இந்தியாவும் பாகிஸ்தானும் அப்படித்தான் சார்ஜாவில் கிரிக்கெட் ஆடின.

சார்ஜா, அரபு நாட்டுக் கடற்கரை நகரம். அங்கே மைதானம் கட்டியவர் அப்துல் ரகுமான் புகாதிர் என்ற தொழில் அதிபர். 1985-ம் ஆண்டு மார்ச் மாதம் 22-ந் தேதி, அங்கே இந்தியா 125 ரன்னில் சுருண்டது. "போச்சு!" என்று எல்லோரும் நினைத்தார்கள். பாகிஸ்தான் 87 ரன்னில் சுருண்டது!

மறு ஆண்டு நடந்ததை யார் மறப்பார்? 1986, ஏப்ரல் 18. இறுதிப் பந்தயம். நம் சென்னை ஸ்ரீகாந்த் 75 ரன் விளாசினார். இந்தியா 245 ரன் எடுத்தது. கடைசியில் ஒரே ஒரு பந்து பாக்கி. பாகிஸ்தானுக்கு 4 ரன் வேண்டும். சேத்தன் சர்மா பந்து வீசினார். தரையில் படாமல் நேரே வந்த பந்தை மியான்டட் தூக்கி அடித்தார். சிக்சர்!

அந்த ஒரு அடி பல ஆண்டுகள் நம்மவர்கள் நெஞ்சில் வலித்தது.

பார்த்தவர்கள் யார்?

அன்று வெள்ளிக்கிழமை. அந்தக் காலத்தில் அங்கே அது விடுமுறை நாள். மைதானத்தை நிரப்பியவர்களில் பெரும்பாலோர், பிழைக்கப் போன இந்தியரும் பாகிஸ்தானியரும்தான். குமரி மாவட்டத்தில் குளச்சல், தக்கலை, மார்த்தாண்டம் என்று எந்தப் பக்கம் போனாலும் வளைகுடாவில் வேலை பார்த்தவர் ஒருவராவது இருப்பார். கேட்டுப் பாருங்கள், சார்ஜா கதை சொல்வார்.

பந்தயம் முடிந்ததும் ஆட்டக்காரர்கள் விமானம் ஏறிவிட்டார்கள். நம் ஊர்க் கொத்தனார் எங்கே போவார்? விடிந்தால் சாரத்தில் ஏறவேண்டும். மேலே இவர். கீழே இருந்து கல் எடுத்துக் கொடுப்பவர் பாகிஸ்தான்காரர். ஜெயித்தவர் கொஞ்சம் கேலி செய்வார். தோற்றவர் கொஞ்சம் முறைப்பார். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்குள் அது தீர்ந்துவிடும். தீராவிட்டால் சுவர் எழும்புமா?

போர் நடந்தபோதும்...

1999-ம் ஆண்டு கார்கிலில் போர். எல்லையில் நம் ஜவான்கள் உயிரைக் கொடுத்துக்கொண்டு இருந்தார்கள். அப்போது, ஜூன் 8-ந் தேதி, இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் உலகக் கோப்பைப் பந்தயம். இந்தியா 47 ரன்னில் வென்றது. இரு அணியினரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

அதே ஆண்டு கனடா நாட்டில் டொராண்டோவில் ஆடவேண்டிய தொடர் இருந்தது. பாகிஸ்தானுடன் ஆட இந்தியா மறுத்துவிட்டது. அதுவும் சரியே. ஆட மனம் இல்லை என்றால் ஆடவேண்டாம்.

2025-ல் நடந்ததைத்தான் ஏற்க முடியவில்லை. ஏப்ரல் மாதம் காஷ்மீரில் பகல்காமில் பயங்கரவாதிகள் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் குடும்பங்களின் கண்ணீருக்கு யார் பதில் சொல்வது? "இனிப் பாகிஸ்தானுடன் ஆடமாட்டோம்" என்று இந்தியா சொல்லியிருந்தால் நாடே தலை அசைத்திருக்கும்.

ஆனால் ஆடினோம்! செப்டம்பர் மாதம் துபாயில், ஆசியக் கோப்பையில், ஒன்றல்ல, மூன்று பந்தயங்கள். மூன்றிலும் ஜெயித்தோம். மூன்றிலும் கை கொடுக்கவில்லை. இது அரசும் கிரிக்கெட் வாரியமும் ஒத்து எடுத்த முடிவு என்று கேப்டன் சூர்யகுமார் சொன்னார். ஆகவே ஆட்டக்காரர்களை மட்டும் குறை சொல்லக்கூடாது.

டிக்கெட் பணம் வேண்டும். விளம்பரப் பணம் வேண்டும். கை மட்டும் வேண்டாமாம்! இது என்ன நியாயம்? பகையை வாசலில் விட்டு வரத்தானே பொது இடம்? உள்ளேயும் கொண்டுபோவதானால் துபாய் எதற்கு?

இறுதிப் பந்தயம் செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை இரவு முடிந்தது. மறுநாள் திங்கட்கிழமை. துபாயில் வேலை நாள். கொத்தனார் சாரத்தில் ஏறியாகவேண்டும். கீழே கல்லோடு நிற்பவரும் வந்தாகவேண்டும்.