வெட்டுப்புள்ளியில் கை வைக்க வேண்டாம்

இலங்கை நாடாளுமன்றத் தேர்தலில் மாவட்ட ஆசனம் பெற ஒரு கட்சி எடுக்க வேண்டிய குறைந்தபட்ச வாக்கு வீதமான வெட்டுப்புள்ளியை 5 வீதத்திலிருந்து 12.5 வீதமாக உயர்த்தும் தனிநபர் சட்டமூலம் 2020 ஜனவரியில் வர்த்தமானியில் வெளிவந்தது. அத்தகைய முயற்சி மீண்டும் வரக் கூடாது. இன்றுள்ள 5 வீதம் தானாக வந்ததல்ல. சம்மாந்துறையில் பிறந்து கல்முனையில் வளர்ந்த சட்டத்தரணி எம்.எச்.எம்.அஷ்ரஃப், 1988 ஜனாதிபதித் தேர்தல் வேளையில் வேட்பாளர் பிரேமதாசவிடம் பேரம்பேசிப் பெற்றது அது. அரசியலமைப்பின் 15ஆம் திருத்தமாயிற்று. அவர் 1989இல் நாடாளுமன்றம் சென்றார், 1994இல் அமைச்சரானார், 2000 செப்டெம்பர் 16இல் உலங்குவானூர்தி விபத்தில் மறைந்தார். ஒலுவில் பல்கலைக்கழகத்துக்காக அவரை நினைவுகூரும் நாம் இந்த 5 வீத வெற்றியை ஏனோ மறந்துவிடுகிறோம். வெட்டுப்புள்ளியை உயர்த்தக் கோருவோர், சிறு கட்சிகள் அரசாங்கங்களை ஆட்டிப்படைக்கின்றன என்பார்கள். உண்மைதான், சில தலைவர்கள் பதவிக்காகப் பேரம்பேசினார்கள். அதற்கு வாக்காளரைத் தண்டிப்பது என்ன நீதி? முஸ்லிம் தலைவரான அஷ்ரஃப் வென்ற இந்த ஏற்பாடு தமிழருக்கும் அரணாகும். 2012 கணக்கெடுப்பின்படி அம்பாறை மாவட்டத்தில் தமிழர் ஏறத்தாழ 17 வீதம். வெட்டுப்புள்ளி உயர்ந்து, அவர்களின் வாக்குகள் சற்றே பிளந்து 12.5 வீதத்துக்குக் கீழே போனால், மிச்ச வாக்குக் கணக்கில் கிடைக்கக்கூடிய ஒரேயோர் ஆசனத்துக்கான போட்டியிலிருந்தே தமிழ் ஊர்களான காரைதீவும் பாண்டிருப்பும் திருக்கோவிலும் வெளியேற்றப்படும். கல்முனைப் பிரதேச செயலக விவகாரத்தில் எதிரெதிராக நிற்கும் தமிழ், முஸ்லிம் ஆகிய இரு சமூகத்துப் பிரதிநிதிகளும் இத்தகைய முயற்சியையாவது ஒன்றாக எதிர்க்க வேண்டும்.