ராத்திரியில் கோழி பிடித்தது கீரிதானா?

‘‘வீட்டுக்குப் பின்னால் 20 நாட்டுக்கோழிகள் வளர்க்கிறோம். போன மாதம் ஒரே ராத்திரியில் 6 கோழிகளைக் கீரி கடித்துப் போட்டுவிட்டது. கூண்டுக்குக் கோழிவலை அடித்தும் பயனில்லை. சுற்றிலும் கரண்ட் கம்பி இழுத்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். செய்யலாமா? வேறு வழி உண்டா?’’

- வாசகி, திண்டிவனம்.

‘‘கரண்ட் கம்பி வேண்டவே வேண்டாம். வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் விடுவது சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியம், விடியற்காலையில் கூண்டைத் திறக்கப் போகிறவர் நீங்கள்தான். ஒருநாள் சுவிட்சை அணைக்க மறந்தாலும் போவது உங்கள் உயிராகவோ, முட்டை எடுக்க ஓடும் பிள்ளையின் உயிராகவோ இருக்கும். போன 6 கோழிகளைத் திரும்பச் சேர்த்துவிடலாம். போன உயிரைச் சேர்க்க முடியாது.

அடுத்து, கீரி பெரும்பாலும் பகலில் நடமாடும் பிராணி. முட்டையையும் குஞ்சையும் பட்டப்பகலில் தூக்கும். ராத்திரியில் பல கோழிகளின் கழுத்தைக் கடித்துப் போட்டிருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது மரநாயை. பனை, தென்னை உச்சியிலும் வீட்டுப் பரணிலும் பகலெல்லாம் படுத்திருக்கும். இரவில் இறங்கி, பழம் தின்னும். பனையில் கட்டிய கலயத்தில் பதநீரும் குடிக்கும். நன்றாக மரம் ஏறும் என்பதால், கூண்டின் மேல்பக்க இடைவெளிதான் அதற்கு வாசல். நீங்கள் கீரிக்காகக் கீழே வலை அடித்திருந்தால், மரநாய் மேலே கூரைச் சந்து வழியாக வந்திருக்கும்.

எது வந்தது என்று தெரிந்தால்தான் எங்கே அடைப்பது என்று தெரியும். காலையில் கூட்டிப் பெருக்குவதற்கு முன்பு தடயத்தைப் பாருங்கள்.

வலை கிழிந்து, இறகுகள் சிதறி, பல கோழிகள் தின்னாமல் கிடந்தால்: தெருநாய்.

முழுக்கோழியே காணாமல் போய், கொஞ்சம் இறகு மட்டும் கிடந்தால்: காட்டுப்பூனை அல்லது குள்ளநரி. விழுப்புரம் பகுதியில் கரும்புத் தோட்டங்கள் காட்டுப்பூனைக்கு நல்ல மறைவிடம். கரும்பு வெட்டும் பருவத்தில் மறைவு குறைவதால், அப்போது கூடுதல் கவனம் தேவை.

முட்டையோ சிறு குஞ்சோ எந்தத் தடயமும் இல்லாமல் மறைந்தால்: பெரும்பாலும் பாம்பு. விழுங்க முடியாமல் விட்ட குஞ்சின் தலை ஈரமாக இருக்கும்.

கூண்டுக்குள் வளை தோண்டியிருந்து, குஞ்சு இழுத்துச் செல்லப்பட்டிருந்தால்: பெருச்சாளி. ஐப்பசி, கார்த்திகை மழையில் வளைகளில் தண்ணீர் புகுந்துவிடுவதால், பெருச்சாளியும் பாம்பும் மேடான வீட்டுப் பக்கம்தான் ஒதுங்கும்.

பகலில் குஞ்சு போனால்: கீரி, வல்லூறு, பருந்து, காகம்.

கூண்டு எப்படி இருக்க வேண்டும்?

கடையில் ‘கோழிவலை’ என்று விற்கும் அறுகோண வலை, கோழியை உள்ளே வைத்திருக்க மட்டுமே உதவும். நாய் அதைக் கிழித்துவிடும். கீரிக்குட்டியும் பாம்பும் அதன் கண்ணிலேயே நுழைந்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ்தான் சரி. மொத்தக் கூண்டுக்கும் வாங்க முடியாவிட்டால், தரையிலிருந்து 2 அடி உயரம் வரையிலும், ஜன்னலுக்கும், கூரைக்கும் சுவருக்கும் இடையிலான சந்துக்கும் முதலில் அடியுங்கள்.

ராத்திரி அடைய மட்டும் என்றால் ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி போதும். 20 கோழிகளுக்கு 5 அடி நீளம், 4 அடி அகலம். கூண்டைத் தரையிலிருந்து 2 அடி உயரத்தில் கால் வைத்துக் கட்டினால், வளை தோண்டி வருவதற்கு வழியில்லை. மண்தரைக் கூண்டாக இருந்தால், சுற்றிலும் ஓர் அடி அகலத்துக்கு மெஷ்ஷை வெளிப்பக்கமாக மண்ணில் படுக்க வைத்து, மேலே கல்லும் மண்ணும் போட்டு மூடுங்கள். சுவர் ஓரமாகத் தோண்டும் பிராணிக்குக் கம்பிதான் தட்டுப்படும்.

கதவுக்குக் கயிறு கட்டினால் போதாது. கொக்கியோடு தாழ்ப்பாள் வேண்டும். கூரையைத் தொடும் மரக்கிளைகளை வெட்டிவிடுங்கள். சிந்திய தீவனத்தை மாலையிலேயே கூட்டி எடுங்கள். தீவனத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும்.

குஞ்சுகளை முதல் 8 வாரம் வரை பஞ்சாரத்திலோ, மேலே நைலான் வலை கட்டிய அடைப்பிலோ வைத்திருங்கள். பருந்துக்கும் காகத்துக்கும் அது போதும். நைலான் வலையைத் தரை மட்டத்தில் மட்டும் கட்டாதீர்கள். பாம்பு சிக்கிக்கொள்ளும், எடுக்கப் போகிறவருக்கு ஆபத்து. பாம்பு உள்ளே இருந்தால் கை வைக்காமல் தீயணைப்பு நிலையத்துக்கோ, வனத்துறைக்கோ சொல்லுங்கள்.

குருணை மருந்தைக் கறியில் கலந்து வைக்கும் பழக்கமும் சில ஊர்களில் உண்டு. அதைத் தின்று சாவது வீட்டு நாயும் மயிலும் உங்கள் கோழியும்தான். கீரி, மரநாய், காட்டுப்பூனை மூன்றும் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. கொன்றாலும் பொறி வைத்துப் பிடித்தாலும் வழக்கு வரும். மல்லாட்டைக் கொல்லையில் எலியையும் பாம்பையும் பிடித்துத் தின்பதும் அதே கீரிதான்.

இன்று ராத்திரியே ஒரு வேலை செய்யுங்கள். கோழிகளை எண்ணி அடைத்த பிறகு, கூண்டுக்குள் ஒரு டார்ச் லைட்டை எரியவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே சுற்றி வாருங்கள். மெஷ் அடித்த இடம் தவிர, வேறு எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறதோ, அதெல்லாம் அடைக்க வேண்டிய ஓட்டை. கூரைப் பக்கம் அண்ணாந்து பார்க்க மறக்காதீர்கள்.

நாட்டுக்கோழி வளர்ப்புப் பயிற்சி பற்றித் தெரிந்துகொள்ள, திண்டிவனத்தில் இயங்கும் வேளாண் அறிவியல் நிலையத்தையோ, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தையோ அணுகலாம்.’’