புல்லுக்குக் காவிரி, குடத்துக்குக் கைவிரிப்பா?

தோட்டத்துக்குக் குடிநீர் பாய்ச்சக் கூடாது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். மீண்டும் மீறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் கூடுதல். 2024 மார்ச்சில், ஆழ்துளைக் கிணறுகள் வற்றிப்போய் மக்கள் குடத்தோடு தெருவில் நின்ற நாளில், பெங்களூர்க் குடிநீர் கழிவுநீர் வாரியம் போட்ட உத்தரவு இது. கார் கழுவவும், கட்டடம் கட்டவும், அலங்கார நீரூற்றுக்கும் இதே தடை. 2025 பிப்ரவரியில் அதே உத்தரவு மறுபடியும் வந்தது. செடிக்கும் புல்லுக்கும் சுத்திகரித்த கழிவுநீரை ஊற்றுங்கள் என்பதே அரசு சொல்லும் வழி.

தோழர்களே! இந்த உத்தரவை நாம் வரவேற்கிறோம். நெல்லுக்குப் போக மிஞ்சியதுதான் புல்லுக்கு என்பது நம் ஊர் நியாயம். இந்த நகரத்திலோ புல்லுக்குப் போக மிஞ்சியதுதான் மனிதனுக்கு என்று ஆகிவிட்டது. அதை மாற்ற ஒரு விதி வந்தால் ஏன் எதிர்க்க வேண்டும்? ஆனால், வரவேற்பது வேறு, வாயை மூடிக்கொண்டிருப்பது வேறு. விதி யார் மேல் பாய்கிறது, அதன் பலன் யாருக்குப் போகிறது, அதன் பாரத்தை யார் சுமக்கிறார்கள் என்று கேட்பது நம் கடமை.

இது என்ன தண்ணீர்?

பெங்களூர்க் குழாயில் வரும் காவிரி, தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரம், ஏறத்தாழ 500 மீட்டர் உயரம், மின்சாரத்தால் ஏற்றிக் கொண்டுவரப்படும் நீர். ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கும் வரை நாளொன்றுக்குச் சுமார் 145 கோடி லிட்டர் வந்தது. ஐந்தாம் கட்டம் மேலும் 77.5 கோடி லிட்டருக்கு வழி செய்தது.

இந்த நீருக்காகத் தஞ்சை விவசாயி வானத்தையும் மேட்டூரையும் மாறி மாறிப் பார்க்கிறான். மண்டியா விவசாயி நெடுஞ்சாலையில் மறியல் செய்கிறான். இதன் பேரால் 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் இந்நகரில் தமிழர் உடைமைகள் எரிந்ததை நாம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட நீரை விசாலமான பங்களாக்களின் பச்சைப் புல்வெளியில் பீய்ச்சி அடித்தபோது எந்த ஆவேசக்காரரும் எழுந்து வரவில்லை! காவிரி எங்கள் தாய் என்று இரு பக்கமும் முழங்கியவர்கள், தாயைக் கொண்டு கார் கழுவியவனை ஏன் என்று கேட்கவில்லை!

இன்னொரு கணக்கும் உண்டு. நகரங்களுக்கு எடுக்கும் குடிநீரில் 20 சதவீதம்தான் செலவு, மீதி 80 சதவீதம் கழிவாக ஆற்றுக்கே திரும்பும் என்று 2007இல் காவிரி நடுவர் மன்றம் கணக்கு வைத்தது. ஆக, சாக்கடை நீரும் காவிரிக் கணக்கில் சேர்ந்ததே. காகிதத்தில் அது ஒழுங்காகத் திரும்புகிறது. நேரில் எப்படித் திரும்புகிறது? நகரின் மேற்குப் பக்கத்துக் கழிவு விருஷபாவதியில் விழுந்து, அர்க்காவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. கிழக்குப் பக்கத்துக் கழிவு பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் இறங்குகிறது. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் பனிமலை போல் நுரை பொங்கும்போது நம் உறவினர் அதைத்தான் பார்க்கிறார்கள். பெல்லந்தூர் ஏரியோ 2017இல் தீப்பற்றியே எரிந்தது. இந்த நீரை ஒழுங்காகச் சுத்திகரித்து நகரத்துப் புல்லுக்கே பாய்ச்சினால் குடிநீரும் மிஞ்சும், கீழே உள்ளவன் வயலும் பிழைக்கும்.

அபராதம் யாருக்கு?

2024 மார்ச்சில் உத்தரவு வந்த சில நாட்களில் 22 வீடுகளிடமிருந்து 1,10,000 ரூபாய் வசூலித்ததாகச் செய்தி வந்தது. ஒரு கோடிக்கும் மேல் மக்கள் வாழும் ஊரில் 22 வீடுகள்! சாலையோரம் நின்று வாளியால் ஸ்கூட்டர் கழுவுகிறவன் கண்ணில் படுவான். உயர்ந்த மதிலுக்குள் நாலு ஏக்கரில் ஓடும் தெளிப்பான் யார் கண்ணில் படும்?

அதே மாதம் கிரிக்கெட் பந்தயத்துக்காகச் சின்னசாமி மைதானத்துக்கு நாள்தோறும் 75,000 லிட்டர் சுத்திகரித்த நீர் தர வாரியம் ஒப்புக்கொண்டது. கப்பன் பூங்கா நிலையத்திலிருந்து அது வந்தது. குடிநீரைக் கொடுக்காமல் கழிவைச் சுத்திகரித்துக் கொடுத்தார்கள். அதைக் குறை சொல்ல மாட்டோம். மனம் வைத்தால் நடக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. பணக்காரர் பந்தயத்துக்கு நடந்த காரியம் மற்ற பெரிய புல்வெளிகளுக்கு ஏன் நடக்காது? ஒவ்வொரு பெரிய புல்வெளிக்காரரும் என்ன நீரை, எவ்வளவு ஊற்றுகிறார் என்ற பட்டியலை வெளியிடட்டும்!

சுத்தம் என்றால் எவ்வளவு சுத்தம்?

கழிவுநீரைச் சுத்திகரிப்பதில் படிகள் உண்டு. முதலில் கசடைத் தேக்கி எடுப்பார்கள். இரண்டாவது படியில் காற்றூட்டி, நுண்ணுயிர்களைக் கொண்டு அழுக்கைத் தின்னவைப்பார்கள். பார்வைக்கு நீர் தெளிந்துவிடும். ஆனால் நோய்க்கிருமி போய்விட்டது என்று பொருளில்லை. மூன்றாவது படியில் வடிகட்டி, குளோரின் முதலியவற்றால் கிருமியைக் கொல்ல வேண்டும். 2018 முதல் கோலார் மாவட்ட ஏரிகளுக்கு அனுப்பப்படும் பெங்களூர் நீர் இரண்டாவது படியோடு நின்றுவிடுகிறது என்பதுதான் அங்குள்ள விவசாயிகளின் குமுறல்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், குழந்தைகள் விளையாடும் பூங்காவுக்கு ஊற்றும் நீர் வடிகட்டிக் கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும். கோலிஃபார்ம் கிருமியின் நடுத்தர அளவு 100 மில்லிலிட்டருக்கு 2.2க்கு மேல் போகக் கூடாது. குழாய்க்கு ஊதா நிறம். குடிக்காதே என்று அறிவிப்புப் பலகை. இங்கேயோ, பூங்காப் புல்லில் உருளும் குழந்தைக்கும், வெறுங்காலோடு குழாய் பிடிக்கும் தோட்டக்காரனுக்கும் தங்கள் மேல் படுவது எந்தப் படி நீர் என்று சொல்வார் இல்லை. சோதனை முடிவைப் பூங்கா வாசலில் எழுதிப்போட என்ன தயக்கம்?

தொட்டியில் இறங்குவது யார்?

பெரிய அடுக்குமாடிகள் தங்கள் கழிவைத் தாங்களே சுத்திகரிக்க வேண்டும் என்பது விதி. மிஞ்சும் சுத்திகரித்த நீரில் பாதியை விற்கவும் 2024இல் அனுமதி கிடைத்தது. நல்லது. ஆனால் தொட்டி என்று ஒன்று இருந்தால் அது அடைத்துக்கொள்ளும். அடைத்தால் இறங்குவது யார்? மாடியில் குடியிருப்பவரா?

2001இல் தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டது. அன்று முதல் மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வரும் நம் மக்களை ரயில்வேயில் வேலை பார்க்கும் நாம் தினமும் பார்க்கிறோம். சாக்கடை வேலைக்குக் கூட்டிவரப்படுகிறவர்களும் அவர்களில் உண்டு. தங்கம் தோண்டியவன் பிள்ளை மலத்தொட்டி தோண்டுகிறான். பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சாக்கடையில் மாண்டவர் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்க 2014இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அது 30 லட்சமாயிற்று. உயிரின் விலை ஏறியது. உயிர் போவது நின்றதா? புல் பச்சையாக இருக்க ஒரு மனிதன் மூச்சடைத்துச் சாக வேண்டும் என்றால், அந்தப் புல் கருகட்டும்!

மிச்சம் எங்கே?

பார்சல் ஆபீசில் ஒரு மூட்டை ஏறினால், போய்ச் சேர்ந்த ஸ்டேஷனில் இறங்கியதற்குக் கையெழுத்து வேண்டும். வாரியமும் அப்படிக் கணக்குக் காட்டட்டும். புல்லிலிருந்து மிச்சம் பிடித்த குடிநீர் எந்தக் குடிசைப்பகுதிக் குழாயில் இறங்கியது? கணக்கு இல்லையேல் ஒரு தோட்டத்தில் மிஞ்சியது மற்றொரு புது மாளிகைக்கே போகும். லாரிக்குக் காத்திருப்பவள் காத்திருந்தபடியே இருப்பாள்.

நம் கோரிக்கைகள் நான்கு:

1. அபராதமும் ஆய்வும் பெரிய புல்வெளிகளில் முதலில் தொடங்க வேண்டும்.
2. மக்கள் புழங்கும் பூங்காக்களுக்கு மூன்றாம் படி நீரே தர வேண்டும். சோதனை முடிவைக் கன்னடத்திலும், வட்டாரத்து மக்கள் படிக்கும் மொழியிலும் எழுதிவைக்க வேண்டும்.
3. எந்தத் தொட்டியிலும் மனிதன் இறங்கக் கூடாது. இயந்திரம் இல்லாத கட்டடத்துக்கு அனுமதி கூடாது.
4. மிச்சமான குடிநீரைக் குடிசைப்பகுதிக் குழாய்களுக்குத் திருப்பி, மாதந்தோறும் கணக்கு வெளியிட வேண்டும்.

இவை தமிழருக்கு மட்டுமான கோரிக்கைகள் அல்ல. குழாயடி வரிசையில் கன்னடக் குடமும், தெலுங்குக் குடமும், உருதுக் குடமும், தமிழ்க் குடமும் ஒன்றாகத்தான் காலியாக நிற்கின்றன. ஆகவே மனுவைக் கன்னடத்தில் எழுதுவோம். கன்னடத் தோழர்களின் கையெழுத்தோடு கொடுப்போம். ஒவ்வொரு கிளையும் தன் பகுதியிலுள்ள பெரிய புல்வெளிகளையும், தண்ணீர் வராத குழாய்களையும் எண்ணிப் பட்டியல் தயாரிக்கட்டும். அந்த இரண்டு பட்டியலையும் அருகருகே வைத்து அதிகாரிகளிடம் நீட்டுவோம். பதில் சொல்லாமல் அவர்கள் நகர முடியாது. நாமும் நகர மாட்டோம்!